கதவு திறந்த நாளில் ஆலை இல்லை

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில், டான் என்னும் ஆற்றங்கரையிலே, ட்யூக் பவர் கம்பெனிக்குச் சொந்தமான மின் நிலையம் ஒன்று இருந்தது. அறுபதுகளின் நடுவில் அங்கே வேலை பார்த்த 95 பேரில் 14 பேர் கறுப்பர். கரி கையாளுவது, யந்திரங்களை ஓட்டுவது, பழுது பார்ப்பது, சோதனைச் சாலை, இவை தவிர வெறும் கூலி வேலை என்று ஐந்து பிரிவுகள் அந்நிலையத்தில் உண்டு. கறுப்பர் அனைவரும் கூலிப் பிரிவில்தான் இருந்தார்கள். அப்பிரிவிலே மிக அதிகச் சம்பளம் வாங்கிய மனிதனின் வருமானம், மற்ற நான்கு பிரிவுகளிலே மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவனின் வருமானத்துக்கும் கீழாகவே இருந்தது. 1965-ஆம் வருஷம் ஜூலை மாதம் 2-ஆம் தேதி, நிறத்தைக் காரணம் காட்டி ஒருவனுக்கு உத்தியோகமோ உயர்வோ மறுப்பது சட்ட விரோதம் என்று விதித்த சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாவது அத்தியாயம் அமலுக்கு வந்தது. அதே தினத்தில் கம்பெனியும் ஒரு புது விதியை அமலுக்குக் கொண்டு வந்தது. கூலிப் பிரிவு நீங்கலாக வேறு எந்தப் பிரிவிலும் புதிதாகச் சேர விரும்புகிறவர், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பதோடு இரண்டு பரீட்சைகளிலும் தேற வேண்டும் என்பது அந்த விதி. அப்பரீட்சைகளில் ஒன்று பன்னிரண்டே நிமிஷத்தில் ஐம்பது கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வது. கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற சாமர்த்தியத்துக்கும் அந்த ஐம்பது கேள்விகளுக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கம்பெனி ஆராய்ந்து பார்க்கவில்லை.

விதி யாருடைய நிறத்தையும் கேட்கவில்லை என்பதே அதன் விசேஷம். ஆனால் அந்த மாகாணத்தில் கறுப்புக் குழந்தைகளுக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தனிப் பள்ளிகளும், அப்பள்ளிகளுக்கென்று அற்பமான மானியமும் ஒதுக்கப்பட்டு வந்தமையால், 1960-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்த வெள்ளை ஆடவர் 34 சதவீதமாகவும், கறுப்பு ஆடவர் 12 சதவீதமாகவும் இருந்தனர். சான்றிதழ் விதி பிறப்பதற்கு முன்பே சேர்ந்துவிட்ட வெள்ளையர் பலர், சான்றிதழ் ஏதும் இல்லாமலே தத்தம் இடங்களில் குறைவின்றி வேலை செய்துகொண்டும் உயர்வு பெற்றுக்கொண்டும் இருந்தார்கள். கறுப்புத் தொழிலாளர் பதின்மூன்று பேர் வழக்குத் தொடுத்தபோது, கம்பெனிக்குத் துவேஷ எண்ணம் இருந்ததாக ருசுவாகவில்லை என்று கீழ்க் கோர்ட்டுகள் கையை விரித்துவிட்டன. 1971-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை மறுத்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்ஸனால் நியமிக்கப்பட்டவர், எவ்விதத்திலும் புரட்சிக்காரர் அல்லர். என்றாலும் நரிக்கும் கொக்குக்கும் ஒரேவிதமான பாத்திரத்தில் பாலை வைத்துவிட்டுச் சமத்துவம் பேசிய பழைய கதையைத் தீர்ப்பிலேயே நினைவூட்டி, எஜமானனின் உத்தேசம் என்ன என்பதைவிட அவன் விதியின் விளைவு என்ன என்பதைச் சட்டம் பார்க்க வேண்டும் என்று சொல்லத் துணிந்தார். க்ரிக்ஸ் வழக்கு என்று பெயர் பெற்ற இதை முதலில் எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. இனப் பாரபட்சம் என்றவுடன், முகத்தைச் சுளித்துக் கதவைச் சாத்துகிற ஒரு கெட்ட மனிதனையே நாம் தேடுகிறோம். அப்படி ஒருவன் இல்லாத இடத்திலும், அல்லது ஒரு காலத்தில் இருந்து செத்தொழிந்த பின்னும், பாரபட்சம் தானாகவே நடந்துகொண்டிருக்கக் கூடும்; பொருளாதாரம் திசை மாறும்போது அது இன்னும் உரமாக நடக்கும். இதற்கு டெட்ராய்ட் நகரத்தின் சரித்திரத்தைவிடத் தெளிவான பிரத்தியட்சம் வேறு இல்லை.

1914-இல் ஹென்றி போர்டு தம் தொழிலாளருக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்த செய்தி உலகெங்கும் பரவிற்று. அதே வருஷம் மூண்ட மகா யுத்தம் ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த கூலியாட்களின் வரவைத் தடுத்தது. 1924-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் அந்த வாசலை அநேகமாக அடைத்தே விட்டது. வடக்கத்திய ஆலைகளுக்கு ஆள் வேண்டும். தெற்கிலோ பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுது, வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது கடனே மிஞ்சுகிற நிலையில் லட்சக்கணக்கான கறுப்பர் இருந்தனர். அவர்கள் ரெயிலேறினார்கள். 1910-இல் டெட்ராய்ட்டில் ஆறாயிரம் பேருக்கும் குறைவாக இருந்த கறுப்பர், 1930-இல் 1,20,000 ஆயினர். மற்றக் கார்க் கம்பெனிகள் அவர்களைப் பெரும்பாலும் பெருக்கவும் துடைக்கவுமே வைத்துக்கொண்ட காலத்தில், போர்டு தம்முடைய ரூஜ் ஆலையில் ஆயிரக்கணக்காகச் சேர்த்துக்கொண்டார் என்பது உண்மை. கறுப்பர் திருச்சபையின் பாதிரியார் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிச் செல்வது அதற்கு வழியாக இருந்தமையால், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கும் திங்கட்கிழமை வேலைக்கும் ஒரு பந்தம் உண்டாயிற்று. பிற்பாடு தொழிற்சங்கம் எழுந்தபோது, பாதிரிமார்கள் சிலர் முதலாளி பக்கம் நின்றதற்கும் இதுவே மூலம்.

சேர்த்துக்கொண்ட இடம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். நுட்ப வேலைகளில் இருந்த கறுப்பரும் ரூஜில் உண்டு. ஆனால் பெரும்பாலோர் பவுண்டரிக்கே அனுப்பப்பட்டனர். உருக்கிய இரும்பை அச்சில் வார்த்து எஞ்சின் உடலங்களை எடுக்கிற அந்தச் சாலையில், காற்றெல்லாம் மணற்பொடியும் கரிப்புகையும் கலந்திருக்கும். குளிர்காலத்திலும் சட்டை வேர்வையில் ஊறிப் போகும். தெறிக்கிற குழம்பு காலில் பட்டால் தோல் போய்விடும். கறுப்பனுக்கு உஷ்ணம் தாங்கும் என்று போர்மன்கள் சொல்லிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட சரீர சாஸ்திரத்துக்கு எந்தத் தேசத்திலும் பஞ்சம் இல்லை. ரூஜ் ஆலை நின்ற டியர்பார்ன் ஊரிலோ, அதே தொழிலாளி வேலை முடிந்த பின் இராத் தங்க முடியாது. கறுப்பர் அங்கே குடியிருக்கலாகாது என்பது எழுதப்படாத கட்டுப்பாடு. அவ்வூரின் மேயராக 1942 முதல் 1978 வரை ஆண்ட ஆர்வில் ஹப்பர்ட் அக்கட்டுப்பாட்டைத் தம் அரசியலுக்கு மூலதனமாகவே கொண்டிருந்தார்.

இரண்டாம் யுத்தத்தின்போது நிலைமை சற்றே அசைந்தது. ரெயில்வே போர்ட்டர்களின் தலைவரான பிலிப் ராண்டால்ப், தலைநகரை நோக்கிப் பெருங்கூட்டமாக யாத்திரை வருவோம் என்று எச்சரித்ததன் பயனாக, யுத்த உற்பத்திச் சாலைகளில் நிறபேதம் கூடாது என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941 ஜூனில் உத்தரவிட்டார். ஆனால் இரண்டு வருஷம் கழித்து, டெட்ராய்ட்டின் பேக்கார்ட் ஆலையில் மூன்றே மூன்று கறுப்பருக்கு உயர்வு கொடுத்ததற்காக 25,000 வெள்ளைத் தொழிலாளர் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினர். அம்மாதமே நகரத்தில் கலகம் மூண்டு 34 பேர் மாண்டனர். அவர்களில் 25 பேர் கறுப்பர். தன்னைப் போலவே கூலிக்கு உழைக்கிறவனைத் தனக்குக் கீழே வைத்திருப்பதையே ஒரு சம்பளமாகக் கருதுகிற மனோபாவம் தொழிலாளரிடத்தும் இருந்தது என்பதை, முதலாளிகளை மட்டும் நிந்திக்கிறவர்கள் மறந்துவிடலாகாது.

இவ்வளவும் துவேஷத்தின் கதை. எல்லோரும் அறிந்த கதை. இதற்குப் பின் நடந்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1944 அக்டோபரில், மிஸிஸிப்பி மாகாணத்துக் கிளார்க்ஸ்டேல் ஊருக்கு அருகே ஹாப்ஸன் பண்ணையில், பருத்தி எடுக்கும் யந்திரங்கள் ஊரார் முன்னிலையில் ஓட்டிக் காட்டப்பட்டன. யந்திரம் ஒன்று ஐம்பது பேரின் வேலையைச் செய்தது. பண்ணைக்காரரின் கணக்குப்படி, ஒரு பேல் பருத்தியைக் கையால் எடுக்க 39 டாலருக்கு மேல் ஆயிற்று. யந்திரத்தால் எடுக்க ஐந்தே கால் டாலர். இனிமேல் தெற்குக்குக் கறுப்புக் கூலியாட்கள் வேண்டியதில்லை. அடுத்த இருபத்தைந்து வருஷத்தில் வடக்கே சென்றவர்களின் தொகை, முன்பு சென்றவர்களின் தொகையை மிஞ்சியது. அவர்கள் எந்த வேலையை நம்பிச் சென்றார்களோ, அந்த வேலை அதே வருஷங்களில் நகரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

1947-க்கும் 1958-க்கும் இடையில் மூன்று பெரிய கார்க் கம்பெனிகளும் டெட்ராய்ட் வட்டாரத்தில் 25 புதிய ஆலைகளைக் கட்டின, அத்தனையும் புறநகர்களில். மாடிமேல் மாடியாகக் கட்டிய பழைய ஆலைகளில் நீண்ட யந்திர வரிசைகளைப் பரப்ப முடியாது. ஒரே தளமாக விரிந்த கட்டடத்துக்கு நிலம் வேண்டும், நிலம் நகரத்துக்கு வெளியே மலிவு, வரியும் குறைவு. ஓரிடத்தில் வேலைநிறுத்தம் நடந்தால் எல்லாம் ஸ்தம்பிக்காதபடி உற்பத்தியைச் சிதறி வைப்பதும் நிர்வாகத்துக்கு அனுகூலம். கூடவே தானியங்கி யந்திரங்களும் வந்தன. 1945-இல் 85,000 பேர் வேலை பார்த்த ரூஜ் ஆலையில், 1960-இல் 30,000 பேரே மிஞ்சினர். யந்திரம் முதலில் விழுங்கியது, நுட்பம் குறைந்தது என்று எண்ணப்பட்ட பளுவான வேலைகளை. கறுப்பர் எங்கே குவிக்கப்பட்டிருந்தனரோ அங்கேயே அடி விழுந்தது. 1947 முதல் 1963 வரை டெட்ராய்ட் நகரம் இழந்த ஆலை வேலைகள் 1,34,000. தாமஸ் சுக்ரூ என்ற சரித்திர ஆசிரியர் இக்கணக்குகளைத் தொகுத்துக் காட்டியபோது, நகரம் 1967-ஆம் வருஷத்துக் கலகத்தினால் பாழாயிற்று என்று வழங்கிவந்த பேச்சு வலுவிழந்து போயிற்று. பாழ் அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே தொடங்கிவிட்டது.

மேற்சொன்ன காரணங்களில் ஒன்றிலாவது நிறம் இருக்கிறதா? இல்லை. நிலத்தின் விலையையும் வரியையும் பார்த்து ஆலை கட்டியவனை இனத் துவேஷி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஆலை சென்ற இடத்துக்கு வெள்ளைத் தொழிலாளி குடிபெயர்ந்தான், கறுப்புத் தொழிலாளியால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதற்கு விடை சர்க்காரின் தஸ்தாவேஜுகளிலேயே இருந்தது. 1934-இல் ஏற்பட்ட கூட்டரசின் வீட்டு வசதி நிர்வாகம், வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுப்பதற்குப் பேட்டையின் இனக் கலப்பை ஒரு குறையாகக் கணித்தது. கறுப்பர் வாழ்ந்த பேட்டைகள் கடன் வரைபடங்களில் சிவப்பு மையால் தீட்டப்பட்டன. 1941-இல் டெட்ராய்ட்டின் எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் வெள்ளையருக்கென்று மனை பிரித்த ஒரு வியாபாரிக்கு, அருகே கறுப்பர் குடியிருக்கிறார்கள் என்ற காரணத்தால் உத்தரவாதம் மறுக்கப்பட்டது, அவர் இரண்டுக்கும் நடுவே அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரமான கான்கிரீட் சுவர் ஒன்றை எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்துவிட்டது. வீடுகளின் கொல்லைப்புறங்களையும் ஒரு விளையாட்டுத் திடலையும் ஒட்டிக்கொண்டு போகிற அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது; பிள்ளைகள் படம் தீட்டிய பகுதிகளும் அதில் உண்டு. சுவருக்கு இப்பால் இருந்தவனுக்குப் புறநகர் ஆலையில் வேலை காலி என்ற செய்தியே எட்டாது; ஏனெனில் அத்தகைய வேலைகள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் வாய்மொழியாகவே நிரம்பும். எட்டினாலும் கார் இல்லாமல் போக முடியாது. கார் வாங்கவோ முதலில் வேலை வேண்டும். புறநகர்களுக்கென்று போட்ட பெருஞ்சாலைகள், கறுப்பரின் கடைகளும் சங்கீத மண்டபங்களும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை அடியோடு இடித்துக்கொண்டு அதன் மேலேயே சென்றன. அந்தத் தெருவில் சிறு முதலாளிகளாக இருந்தவர்களும் அத்துடன் ஒழிந்தார்கள்.

ஆலைக்குள்ளே எஞ்சியவர்களுக்கு வேறொரு வலை இருந்தது. பணிமூப்பு, அதாவது சீனியாரிட்டி, தொழிலாளி போராடிப் பெற்ற பாதுகாப்பு. மேஸ்திரியின் தயவு தாட்சண்யத்திலிருந்து அவனை விடுவித்தது அதுவே. ஆனால் பல எஃகு ஆலைகளில் மூப்பைக் கம்பெனிக்கு என்று கணக்கிடாமல் பிரிவுக்குப் பிரிவு தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். உலைப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் வெந்த ஒருவன், நல்ல காற்று வீசுகிற வேறு பிரிவுக்கு மாற விரும்பினால், அங்கே நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் பின்னால் நிற்க வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் அவன் பெயரையே அடிப்பார்கள். பல இடங்களில் சம்பளமும் குறையும். ஆகவே அவன் மாறவில்லை. மாறாததைக் காட்டி, அவனுக்கு முன்னேற ஆசை இல்லை என்று நிர்வாகம் சொல்லிற்று. நியூயார்க் மாகாணத்து லாக்கவானாவில் பெத்லஹெம் கம்பெனியின் ஆலையைப் பற்றி 1971-இல் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டு, இந்த ஏற்பாடு பழைய பாரபட்சத்தை நிரந்தரமாக்குகிறது என்று கண்டது. 1974-இல் ஒன்பது எஃகுக் கம்பெனிகளும் தொழிற்சங்கமும் சர்க்காரோடு சமரசம் செய்துகொண்டு, ஆலை முழுவதுக்கும் பொதுவான மூப்பை ஒப்புக்கொண்டன.

கதவு திறந்தது. 1977 செப்டம்பரில் யங்ஸ்டவுனில் காம்பெல் எஃகு ஆலை மூடப்பட்டது; ஒரே அறிவிப்பில் சுமார் ஐயாயிரம் பேருக்கு வேலை போயிற்று. 1980-இல் சிகாகோவின் விஸ்கான்ஸின் ஸ்டீல், அதே வருஷத்தில் டெட்ராய்ட் வட்டாரத்தின் டாட்ஜ் மெயின் கார் ஆலை. அந்த டாட்ஜ் மெயினில்தான் கறுப்புத் தொழிலாளர் 1968-இல் கம்பெனியையும் சங்கத்தையும் ஒருங்கே எதிர்த்துத் தனி இயக்கம் கண்டிருந்தனர். லாக்கவானாவிலேயே 1983-இல் எஃகு உருக்குவது நின்றது. நாற்பது வருஷம் வழக்காடியும் போராடியும் ஒரு ஜனசமூகம் வாங்கிய உரிமை, அனுபவிக்கப் பத்து வருஷம்கூட அவகாசம் கிடைக்காமல் காகிதமாயிற்று. ஆலைகள் மூடியதில் வெள்ளையரும் துன்புற்றனர். யங்ஸ்டவுன் அதற்கே சாட்சி. ஆனால் அவர்களில் பலருக்குத் தந்தை காலத்தில் மலிவான கடனில் வாங்கிய வீடு இருந்தது. அதன் மதிப்பு ஏறியிருந்தது. அதை விற்றோ அடமானம் வைத்தோ வேறு ஊரும் வேறு தொழிலும் தேட முடிந்தது. சிவப்பு மைக்குள் வாழ்ந்தவனுக்கு அந்த மூலதனம் சேரவே இல்லை. முதுமைக்கான கூட்டரசு ஓய்வூதியம் 1935-இல் ஏற்பட்டபோதும், வயல் வேலைக்காரரையும் வீட்டு வேலைக்காரரையும் அதில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். கறுப்பரில் பெரும்பகுதியினர் அந்நாளில் ஜீவனம் செய்தது அவ்விரண்டு தொழில்களிலேயே.

வில்லியம் ஜூலியஸ் வில்ஸன் என்ற கறுப்புச் சமூகவியல் அறிஞர், 1978-இல் எழுதிய நூலில், இனி கறுப்பரின் கதியை நிர்ணயிப்பதில் நிறத்தைவிட வர்க்கமும் பொருளாதார மாறுதலுமே பெரும் பங்கு வகிக்கும் என்று வாதித்தார். பெரிய கூச்சல் எழுந்தது. துவேஷத்தை மன்னித்துவிட்டார் என்று அவரைச் சாடினார்கள். அவர் பக்கத்தில் நியாயம் பாதிக்கு மேல் இருந்தது என்பது என் கட்சி. ஆனால் முழுதும் இல்லை. காரணம், 2003-இல் டெவா பேஜர் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை. மில்வாக்கி நகரத்தில் ஒரே தகுதியுள்ள வாலிபர்களை, சிலரைச் சிறை சென்றவர் போலவும் சிலரைச் செல்லாதவர் போலவும் காட்டி, வேலை கேட்க அனுப்பினார். குற்றப் பதிவு இல்லாத வெள்ளையரில் 34 சதவீதம் பேரைக் கம்பெனிகள் திரும்ப அழைத்தன. குற்றப் பதிவுள்ள வெள்ளையரில் 17 சதவீதம். குற்றமே செய்யாத கறுப்பரில் 14 சதவீதம். குற்றப் பதிவுள்ள கறுப்பரில் 5 சதவீதம். சிறையிலிருந்து மீண்ட வெள்ளையனுக்குக் கிடைத்த ஆதரவு, சிறையையே பாராத கறுப்பனுக்குக் கிடைக்கவில்லை. முகம் சுளிக்கிற மனிதன் செத்தொழியவில்லை. ஆலைகள் வற்றிய பிறகு, வாடிக்கையாளரோடு பேசிப் பழகவேண்டிய கடை, ஹோட்டல், ஆபீஸ் வேலைகளே மிஞ்சியதால், அவனுடைய சுளிப்புக்கு முன்னைவிட மதிப்புக் கூடியிருக்கிறது. பவுண்டரியில் ஆளின் முகத்தை யார் பார்த்தார்கள்?

ஆள் பற்றாக்குறை வரும்போது மட்டும் அந்தச் சுளிப்பு எஜமானனுக்கு நஷ்டமாகிறது. இதை மிக நன்றாக உணர்ந்தவர் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கோரெட்டா. கணவர் மறைந்த பின்னர் அவர் தம் சக்தியில் பெரும் பகுதியை, எல்லோருக்கும் வேலை என்பதைச் சர்க்காரின் கடமையாக்கும் சட்டத்துக்காகச் செலவிட்டார். 1978-இல் அது ஹம்ப்ரி-ஹாக்கின்ஸ் சட்டம் என்ற பெயரில் நிறைவேறிற்று. ஆனால் வேலை தரவேண்டிய கட்டாயத்தை எல்லாம் கத்தரித்த பிறகே. அடுத்த வருஷம் மத்திய வங்கியின் தலைமையை ஏற்ற பால் வோல்க்கர், விலைவாசியை அடக்குவதற்காக வட்டியைத் தாங்கமுடியாத உயரத்துக்கு ஏற்றினார். விலைவாசி அடங்கியது, 1983 ஜனவரியில் வேலையற்ற கறுப்பரின் விகிதம் 21.2 சதவீதமாயிற்று. வட்டி விகிதத்துக்கு நிறம் இல்லை. ஆயினும் கடைசியில் சேர்த்தவனை முதலில் நீக்குவது என்ற வழக்கம் இருக்கும் வரையில், அது யார் தலையில் விழும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஐம்பதுகளிலிருந்து பெரும்பாலும் வெள்ளையரில் வேலையற்றோர் விகிதத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்காகவே கறுப்பரின் விகிதம் இருந்து வந்திருக்கிறது. ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் தவித்த 2023 ஏப்ரலில் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று. கணக்கெடுக்கத் தொடங்கிய நாள் முதல் அவ்வளவு இறங்கியதில்லை. சர்க்காரோடு ஒப்பந்தம் செய்யும் கம்பெனிகள் பாரபட்சம் இன்றி ஆள் சேர்க்க முனைந்து பாடுபட வேண்டும் என்று ஜனாதிபதி ஜான்ஸன் 1965-இல் இட்ட உத்தரவை, அறுபது வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்துவிட்டார். அதன் பலாபலன், அடுத்த ஆட்குறைப்புக் காலம் வரும்போது எண்களில் தெரியும்.

இதற்கிடையில் ஆலைகள் மறுபடியும் இடம் பெயர்கின்றன. இம்முறை தெற்கு நோக்கி. மின்சார வாகனங்களுக்காக 560 கோடி டாலர் செலவில் டென்னஸியின் ஹேவுட் ஜில்லாவில் ஒரு பெரிய ஆலை எழுப்பப் போவதாகவும், சுமார் 6,000 பேருக்கு அங்கே வேலை கிடைக்கும் என்றும் போர்டு கம்பெனி 2021-இல் அறிவித்தது. தொழிற்சங்கங்களுக்கு அவ்வளவாக இடங்கொடாத மாகாணம் அது. அந்த ஜில்லாவில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பர். பழைய பருத்திச் சீமை. 1960-இல் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போனார்கள் என்பதற்காக, வாரத்துக்கு உழுத கறுப்பர்களை அங்கேயும் அண்டை ஜில்லாவிலேயும் நிலச்சுவான்தார்கள் மண்ணை விட்டு வெளியேற்ற, கூடாரம் அடித்துக் குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்கள் உண்டு. அந்த அடக்குமுறைகளையெல்லாம் தாங்கிச் சொந்த நிலம் தக்கவைத்துக்கொண்ட கறுப்பு விவசாயிகள் சிலரின் நிலம், இப்போது ஆலைக்குச் செல்லும் சாலைகளுக்காக மாகாண சர்க்காரால் கட்டாயமாக எடுக்கப்பட்டது. கொடுத்த விலை நியாயமானதல்ல என்று அவர்கள் முறையிட்டனர். நிலம் உடனே கைமாறிற்று. ஆலை உற்பத்தியைத் தொடங்கும் தேதி மட்டும் பல முறை தள்ளிப்போயிற்று.